கடைசிப் பக்கத்தின் கடைசி வரி

நிறுவனரின் நூற்றாண்டுக்கு மலர் போடுகிறோம், இதழின் வரலாற்றை எழுதித் தர முடியுமா என்று அந்தக் குடும்பத்தார் கேட்டார்கள். இப்படிப்பட்ட மலர்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். நிறுவனர் அஞ்சாநெஞ்சராக இருப்பார். இதழ் மக்களின் குரலாக இருக்கும். வாழ்த்துரைகள் பாதி மலரை அடைத்துக்கொள்ளும். எத்தனை பிரதி அச்சானது, தாள் எங்கிருந்து வந்தது, எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டருக்குச் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து போனது என்பது மட்டும் எங்கும் இருக்காது. மலரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்குப் பழைய தொகுப்புகளைக் காட்டுங்கள் என்றேன். காட்டினார்கள்.

ஊர்ப் பெயரும் இதழின் பெயரும் இங்கே வேண்டாம். சொத்துப் பேச்சு இன்னும் முடியாத குடும்பம். தென்மாவட்டத்துத் தாலுகா ஊர் ஒன்றில் 1950களின் நடுவில் தொடங்கி, சனிக்கிழமைதோறும் நான்கு பக்கம் வந்த இதழ் என்பது போதும். தமிழ்நாட்டில் இந்த மாதிரி இதழ் இல்லாத தாலுகா குறைவு. சேலம் பகடால நரசிம்மலு நாயுடு 1880களில் கோயம்புத்தூரிலிருந்து ‘கலாநிதி’ நடத்தினார். காரைக்குடியில் 1920இல் ‘தன வைசிய ஊழியன்’ தொடங்கி, பிறகு ‘ஊழியன்’ ஆனது. புதுமைப்பித்தன் கொஞ்ச காலம் அங்கே வேலை பார்த்தார். ஈரோட்டில் 1925 மே 2 அன்று ‘குடி அரசு’ வந்தது. இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பெரிய பெயர் எதுவும் ஒட்டிக்கொள்ளாத ஊர் இதழ்களைப் பற்றித்தான் ஒன்றுமில்லை. அந்த வேலையை எடுத்துச் செய்ய நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தொகுப்பு கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தலையங்கத்தைப் படிப்பார்கள். அதைத் தள்ளிவைக்கலாம். கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இன்னாருக்காக இன்னாரால் இன்ன அச்சகத்தில் அச்சிட்டு, இன்ன தெரு, இன்ன கதவெண்ணிலிருந்து வெளியிடப்பட்டது, ஆசிரியர் இன்னார். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டத்துக்காகப் போட்ட வரி இது. அச்சிடுபவரோ வெளியிடுபவரோ இடமோ மாறினால் மாஜிஸ்திரேட் முன் போய்ப் புதிதாக டிக்ளரேஷன், அதாவது உறுதிமொழி, கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே அந்த வரியில் ஒரு சொல் மாறியிருந்தாலும் அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் மாஜிஸ்திரேட் கச்சேரிக்கு நடந்திருக்கிறார். நடக்க ஒரு காரணம் இருந்திருக்கிறது.

அந்த வரியில் பெயர் இருப்பது சும்மா அலங்காரமும் இல்லை. ‘குடி அரசு’ 1933 அக்டோபர் 29 இதழில் ‘இன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும்?’ என்று தலையங்கம் வந்தது. பெரியாரோடு அவர் தங்கை கண்ணம்மாளும் கைதானார், அவர் வெளியிடுபவர் என்பதால். அதையொட்டி இதழ் ‘புரட்சி’ என்ற பெயரில் வந்தது, பிறகு ‘பகுத்தறிவு’ ஆனது, 1935 ஜனவரியில் மறுபடி ‘குடி அரசு’ ஆனது. பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் இதழே வரவில்லை என்று தோன்றும். உங்கள் ஊர் இதழிலும் இடைவெளி தெரிந்தால், அதே கதவெண்ணிலிருந்து வேறு பெயரில் ஏதாவது வந்ததா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு ‘நின்றுபோனது’ என்று எழுதுங்கள்.

நான் பார்த்த இதழில் அந்த வரி பல முறை மாறியிருக்கிறது. ஒரு கட்டத்தில் வெளியிடுபவர் நிறுவனரின் மனைவி. வேறொரு கட்டத்தில், ஏறக்குறைய ஒரு வருஷம், இதழ் பக்கத்து ஊர் அச்சகத்தில் அச்சாகியிருக்கிறது. சொந்த அச்சகம் இருக்கிறவர் ஏன் கூலிக்கு வெளியே அடிக்கப் போகிறார்? குடும்பத்தில் கேட்டபோது முதலில் பேச்சு இல்லை. பிறகு, மெஷின் கடனுக்குப் போய்த் திரும்பி வந்த கதை மெல்ல வெளியே வந்தது. தலையங்கங்களில் இதைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது நான்காம் படிவம். செய்தித்தாள் பதிவாளர் அலுவலகம் 1956 ஜூலை 1 முதல் இயங்குகிறது. அந்த ஆண்டின் விதிகள்படி, பிப்ரவரி கடைசி நாளுக்குப் பிறகு வரும் முதல் இதழில் உரிமையாளர், வெளியிடுபவர், அச்சிடுபவர், ஆசிரியர், பங்குதாரர் விவரம் அத்தனையும் போட்டாக வேண்டியிருந்தது. மார்ச் முதல் வார இதழ்களை மட்டும் வருஷவாரியாக எடுத்து அடுக்கிப் பாருங்கள். யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்பது ஒரே மாலையில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். 1867 சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய இதழைப் படிக்கப் பழைய விதிதான் உதவும்.

பைண்டு செய்த தொகுப்பு எல்லா வருஷத்துக்கும் இருக்காது. கிழிந்த தாள்கள் ஒரு மூட்டையாகக் கிடைக்கும், பாதிக்கு மேல் ஆண்டு இருக்காது. மலைக்க வேண்டாம். வார இதழில் ஒரு வசதி உண்டு: கிழமை மாறாது. சனிக்கிழமை இதழில் ‘ஜூன் 14’ என்று மட்டும் தெரிகிறது என்று வையுங்கள். அந்த இதழ் வந்த காலத்தில் ஜூன் 14 சனிக்கிழமையில் வந்த ஆண்டுகள் 1958, 1969, 1975, 1980, 1986 என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான். விலை ‘ந.பை.’ (நயா பைசா) என்று இருந்தால் 1958. புதிய காசு 1957 ஏப்ரல் 1 அன்று வந்தது, ‘நயா’ என்ற ஒட்டு 1964இல் போயிற்று. விலாசத்தில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1975 அல்லது அதற்குப் பிந்தியது, ஏனென்றால் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. அரசு விளம்பரத்தில் சென்னை மாநிலமா தமிழ்நாடா என்பதும் உதவும். பெயர் மாறியது 1969 ஜனவரி 14. ஆனால் அரசு விளம்பரத்தை மட்டும் பாருங்கள். செய்திகளிலும் கட்டுரைகளிலும் ‘தமிழ்நாடு’ என்று அதற்கு எத்தனையோ ஆண்டு முன்பிருந்தே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எழுத்தின் உருவத்தை வைத்துத் தேதி சொல்ல முயல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யானைத் தும்பிக்கை போட்ட லை, ணை இருந்தால் 1978க்கு முன் என்பார்கள். சீர்திருத்த எழுத்தைத் தமிழக அரசு ஏற்றது 1978 அக்டோபரில் என்பது சரி. ஆனால் ‘குடி அரசு’ அதை 1935லேயே பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. மறுபக்கம், ஈய எழுத்தைக் கிலோக் கணக்கில் வாங்கிப் போட்டிருக்கும் சிற்றூர் அச்சகம் அரசாணை வந்த மறுநாள் அதைத் தூக்கிப் போட்டுவிடாது. தேயும் மட்டும் ஓட்டும். எழுத்து உருவம் துணைச் சான்று, அவ்வளவுதான்.

இனி அச்சகத்துக்குள் போவோம், எனக்கு எல்லாமே தலைகீழாகத் தெரிந்தது அங்கேதான். இதழில் முப்பது ஆண்டுக்கு மேல் எழுத்துக் கோத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் வெறுங்கையோடு போய் ‘அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் காமராஜர் வந்த கதையைத்தான் சொல்வார். எல்லா ஊரிலும் அதைத்தான் சொல்வார்கள். நான் பழைய இதழ்களை எடுத்துப் போய் அவர் முன்னால் விரித்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செய்தியைப் படிக்காமல், வரிகளின் இடைவெளியைத் தடவிப் பார்த்தார். “இது நான் கோத்தது இல்ல தம்பி. ஸ்பேஸ் அள்ளிப் போட்டிருக்கான் பாருங்க, புதுப் பையன்” என்றார்.

பேப்பரில் எவ்வளவு வருமானம் வந்தது ஐயா என்று கேட்டேன். சிரித்தார்.

“பேப்பர் எங்களுக்குச் சோறு போடல தம்பி. கல்யாணப் பத்திரிகைதான் போட்டுச்சு. ஆனா பேப்பர் நடத்துறார்ங்கிறதுக்காகத்தான் கல்யாணப் பத்திரிகை முதலாளிகிட்ட வந்துச்சு. அதுதான் கணக்கு.”

வீட்டுக்கு வந்து தொகுப்பை அந்தக் கண்ணோடு மறுபடி புரட்டினேன். தை, வைகாசி, ஆவணி இதழ்கள் மெலிந்திருந்தன. தொடர்கதை ‘இடமின்மையால்’ நின்றது, வாசகர் கடிதம் இல்லை, பெரிய எழுத்தில் வாழ்த்து விளம்பரங்கள் பக்கத்தை நிரப்பின. ஆடியிலும் மார்கழியிலும் இதழ் கொழுத்திருந்தது. நகராட்சியின் குப்பை லாரி ஊழலைப் பற்றிய நீண்ட கட்டுரைத் தொடர் ஆடியில் தொடங்கி, ஆவணி முகூர்த்தம் வந்ததும் அறுந்துபோகிறது. நிறுவனரை யாரோ மிரட்டி நிறுத்திவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு இருக்கிறது. இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஆவணியிலும் ஏதாவது ஒன்று அறுந்திருக்கிறது. ஈய எழுத்தும் ஆட்களும் கல்யாண வேலைக்குப் போய்விட்டால் ஊழலைக் கோக்க எழுத்து ஏது?

கையால் கோத்த காலத்து இதழைப் படிக்க வேறு சில நுட்பங்களும் அவரிடம் தெரிந்துகொண்டேன். நான்கு பக்கம் என்பது இரு பக்கமும் அச்சடித்து நடுவில் மடித்த ஒரே தாள். ஒரு முகத்தில் 2ஆம் பக்கமும் 3ஆம் பக்கமும், மறு முகத்தில் 1உம் 4உம். சிறிய அச்சகத்தில் நான்கு பக்கத்தையும் ஒரே சமயத்தில் கோத்து நிறுத்த எழுத்து இருக்காது. தமிழுக்கு கி, கீ, கு, கூ என்று ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு. எவ்வளவு வாங்கினாலும் ஏதாவது ஒன்று தீர்ந்துபோகும். அதனால் வாரத் தொடக்கத்தில் உள்பக்கங்களைக் கோத்து, ஃபாரம் பூட்டி (சட்டகத்தில் இறுக்கி), அடித்து, எழுத்தைப் பிரித்துத் திரும்பக் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், போட்டுவிட்டு, அதே எழுத்தில் வெள்ளிக்கிழமை வெளிப்பக்கங்களைக் கோப்பார்கள். இது தெரியாதவரை, 3ஆம் பக்கத்தில் ‘மழைக்கு ஏங்கும் விவசாயிகள்’, 1ஆம் பக்கத்தில் ‘கண்மாய் உடைப்பு’ என்று ஒரே இதழில் வருவதைப் பார்த்தால் ஆசிரியர் தூங்கிவிட்டார் என்று தோன்றும். நடுவில் நான்கு நாள் இருக்கிறது. ஒரு இதழின் தேதி அதன் முதல் பக்கத்துக்குத்தான் பொருந்தும்.

விளம்பரமும் அப்படியே. நகைக்கடை, சைக்கிள் கடை விளம்பரங்களைக் கோத்தபடியே கட்டி வைத்திருப்பார்கள், ஸ்டாண்டிங் மேட்டர். எங்கே இடம் விழுகிறதோ அங்கே எடுத்துச் சொருகுவார்கள். கடை மூடி ஒரு வருஷம் ஆன பிறகும் விளம்பரம் வரும்; பணம் வந்திருக்காது, இடம் நிரம்பியிருக்கும். ஊரின் வணிக வரலாற்றை இதழ் விளம்பரத்தை வைத்து எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: விளம்பரத்தின் வாசகம் மாறிய இதழைக் குறியுங்கள், வெறுமனே வந்த இதழைக் குறித்துப் பயனில்லை.

படங்களுக்கும் இதே சிக்கல். படம் போட வேண்டுமானால் நகரத்தில் பிளாக் (படத்தின் அச்சுக் கட்டை) செய்து வாங்கி வர வேண்டும், அதற்கு நாளும் காசும் ஆகும். அமைச்சர் படத்துக்கு பிளாக் எங்கிருந்தாவது கிடைத்துவிடும். ஊர்க் கண்மாய் உடைந்த படத்துக்குக் கிடைக்காது. அதனால் இந்த இதழில் ஊரைத் தவிர எல்லாம் படமாக இருக்கிறது. உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரின் அறுபதாம் கல்யாணச் செய்தியிலும், பல ஆண்டு கழித்து வந்த மரணச் செய்தியிலும் அதே பிளாக், அதே இளமை.

எத்தனை பிரதி விற்றது என்பதற்கு இதழ் சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம். விளம்பரக் கட்டணமும், வெளிநாட்டுத் தாளுக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் தாள் ஒதுக்கீடும் அந்த எண்ணை நம்பி இருந்தன. அப்படிப்பட்ட எண் எப்போதும் வளர்ந்துகொண்டே போகும். தாள் வாங்கிய ரசீதுகள் இருந்தால் அதுதான் வேதம். ஒரு ரீம் 500 தாள். ஒரு தாளில் ஒரு பிரதி என்றால் வாரத்துக்கு இரண்டு ரீம் வாங்குகிறவர் கழிவு போக ஆயிரத்துக்குக் கீழேதான் அடிக்கிறார். நான் கண்ட எண் குடும்பத்தாருக்குப் பிடிக்கவில்லை. ‘தி இந்து’ 1878இல் வார இதழாகத் தொடங்கியபோது 80 பிரதிதான் என்பதைச் சொன்னேன். கொஞ்சம் சமாதானமானார்கள்.

ரசீது இல்லை என்றால் சந்தாதாரர் பதிவேடு. எங்கள் விஷயத்தில் அது நிறுவனரின் மனைவி கையெழுத்தில் இருந்தது. இதழை மடித்ததும் ராப்பர் ஒட்டியதும் விலாசம் எழுதியதும் வீட்டுப் பெண்கள். வெள்ளி இரவு முழுக்கக் கூடத்தில் இந்த வேலை நடக்கும் என்று மகள் சொன்னார். “அப்பா பேரு ஊருக்குத் தெரியும். யாரு சந்தா கட்டல, யாரு வீடு மாறிட்டாங்கங்கிறது அம்மாவுக்குத்தான் தெரியும்.” மலருக்கான உள்ளடக்கப் பட்டியலில் அம்மாவின் பெயர் ‘குடும்பப் படம்’ என்ற இடத்தில் மட்டும் இருந்தது. அச்சு வரியில் வெளியிடுபவராகச் சட்டப்படி அவர் பெயர் இருந்த இதழ்களைக் காட்டிய பிறகு மாற்றினார்கள்.

சந்தா விவரம் அச்சாகும் மூலையையும் விடாதீர்கள். உள்நாடு, இலங்கை, பர்மா, மலேயா என்று தனித்தனித் தொகை போட்டிருக்கும். ஊரிலிருந்து யார் எங்கே போய்ப் பிழைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. பர்மா என்ற சொல் 1960களின் நடுவில் அந்த மூலையிலிருந்து மறைகிறது. அங்கே கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கி, இந்தியர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிய காலம் அது. முதல் பக்கத்தில் அதைப் பற்றிப் பெரிய செய்தி இல்லை. மூன்றாம் பக்கத்தில் ‘வீடு வாடகைக்குத் தேவை’ அறிவிப்புகள் மட்டும் கூடியிருக்கின்றன.

இதழ் ஏன் தேய்ந்தது என்ற கேள்வியில்தான் குடும்பத்தாரோடு நீண்ட வாக்குவாதம். நெருக்கடி நிலையில் நசுக்கிவிட்டார்கள் என்பது அவர்கள் கட்சி. 1975 ஜூன் கடைசியில் தணிக்கை வந்தது. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31இல் ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு பிடி இறுகியது. அந்த ஆண்டு இதழ்கள் சிலவற்றில் வெள்ளை இடம் இருக்கிறது, தலையங்கம் சுருங்கி ‘தூய்மை காப்போம்’ வகைக்கு இறங்கியிருக்கிறது. உண்மைதான். ஆனால் பக்கம் குறையவில்லை. 1977 மார்ச்சுக்குப் பிறகு, சுதந்திரம் திரும்பிய பிறகு, குறைகிறது. மாதம் மாதமாகப் பார்த்தால் காணாமல் போவது கோர்ட்டு நோட்டீஸ்.

நான்காம் பக்கத்தில் இரண்டு பத்தி முழுக்க முன்சீப் கோர்ட்டு அறிவிப்புகள் இருக்கும். பிரதிவாதியை நேரில் கண்டு சம்மன் கொடுக்க முடியாவிட்டால் பத்திரிகையில் விளம்பரம் செய்யச் சொல்வார்கள். வக்கீல் குமாஸ்தா கையில் பணத்தோடு வருவார். கடன் கிடையாது, பாக்கி கிடையாது. இதழுக்கென்று வந்த நிலையான ரொக்கம் அது ஒன்றுதான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்கு 1976இல் வந்த திருத்தம் 1977 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஐந்தாம் ஆணையின் 20ஆம் விதியில் சேர்த்த ஒரு உட்பிரிவு, அப்படிப்பட்ட விளம்பரம் அந்த வட்டாரத்தில் புழங்கும் நாளிதழில் வர வேண்டும் என்கிறது. வார இதழ் தகுதியிழந்தது. யாரும் இந்த இதழைக் குறிவைக்கவில்லை. டெல்லியில் வரைவு எழுதியவருக்கு இப்படி ஒரு இதழ் இருப்பதே தெரிந்திருக்காது. தணிக்கை அதிகாரி செய்யாததை ஒரு உட்பிரிவு செய்தது. மலரில் நெருக்கடி நிலைதான் போயிருக்கிறது. என் கட்டுரையில் இரண்டும் இருக்கின்றன, எது எந்த மாதம் என்ற அட்டவணையோடு.

இதிலிருந்து ஒரு வேலைமுறையை வைத்துக்கொண்டேன். வருஷத்துக்கு நான்கு இதழ் எடுத்து, ஒவ்வொன்றிலும் எதற்கு எத்தனை பத்தி என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதுவது: ஊர்ச் செய்தி, வெளிச் செய்தி, கதை கவிதை, கடை விளம்பரம், கோர்ட்டு, அரசு விளம்பரம், வாழ்த்து, இரங்கல். சலிப்பான வேலைதான். ஆனால் நினைவுகள் ஒன்றோடொன்று மோதும்போது நடுவர் வேண்டுமல்லவா.

1990களுக்கு வரும்போது எளிதாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதழ் அப்போது கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது. யூனிகோடு பரவாத காலம். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீடுகளைத் தரப்படுத்திய பிறகும் அச்சகங்கள் பழகியதையே பிடித்துக்கொண்டன. ஃப்ளாப்பியில் இருந்த பேஜ்மேக்கர் (பக்கம் அமைக்கும் மென்பொருள்) கோப்புகளைத் திறந்தால் லத்தீன் எழுத்துக் குப்பைதான் வந்தது. எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்று தெரிந்தால் மாற்றியில் போட்டு மீட்கலாம். அதனால் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடும் முன் அதிலுள்ள எழுத்துருக் கோப்புகளையும் நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள். 1956 இதழைக் கையில் எடுத்து இன்றும் படிக்கிறேன்; 1996இல் சில மாதங்களுக்கு அச்சுப் பிரதியும் இல்லை, கோப்பும் திறக்கவில்லை.

தாளைக் கையாளுவது பற்றிக் கொஞ்சம். செய்தித்தாளில் மரக்கூழ் அதிகம். வெளிச்சமும் காற்றும் பட்டால் அமிலமேறிப் பழுத்து நொறுங்கும். நொறுங்கிய தாளுக்கு செல்லோடேப் ஒட்டினால் சில ஆண்டில் பசை ஊறி எழுத்தையே தின்னும். லேமினேஷன் போடுவது பாசமுள்ள பிள்ளைகள் செய்யும் கொடுமை. பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. தட்டையாகப் படுக்க வைத்து, நடுவில் அமிலமில்லாத தாள் கொடுத்து, இருட்டில் வையுங்கள். பைண்டு செய்த தொகுப்பை ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்காதீர்கள், முதுகு உடையும். மேலிருந்து கேமராவால் எடுப்பதே நல்லது, வெயில் நேராக விழாத ஜன்னலோரம் போதும். முழுப் பக்கத்தையும் எடுங்கள், நான்கு ஓரமும் தெரிய. ‘முக்கியமான’ செய்தியை மட்டும் எடுக்கிறவர்கள் கடைசி வரியையும் சந்தா மூலையையும் வெட்டிவிடுகிறார்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள், பக்கம் என்ற வரிசையில் எண்ணாக வையுங்கள், தானாக அடுக்கிக்கொள்ளும்.

இணையத்தில் ஏற்றுமுன் காப்புரிமை. பெயரில்லாமல் வந்தவற்றுக்கு வெளிவந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பெயரோடு எழுதியவர்களுக்கு அவர்கள் இறந்து 60 ஆண்டு. உரிமையாளரின் வாரிசுகளிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்வது எப்படியும் நல்லது. சட்டத்தைத் தாண்டிய ஒன்றும் உண்டு. ஊர் இதழில் திவாலானவர் பெயர், ஓடிப்போன பெண்ணின் பெயர், திருட்டு வழக்கில் பிடிபட்ட பதினேழு வயதுப் பையனின் தெரு என்று எல்லாம் இருக்கும், சாதியோடு சேர்த்து. அந்தப் பையனுக்கு இப்போது பேரன் இருப்பான், அதே தெருவில். பக்கங்களை முழுதாகப் பாதுகாத்தேன். தேடு அட்டவணையில் அப்படிப்பட்ட பெயர்களைச் சேர்க்கவில்லை. இது தணிக்கைதானே என்று ஒரு நண்பர் கேட்டார். ஆமாம் என்றேன்.

விடுபட்ட இதழ்களுக்கு எங்கே போவது? 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டம் 1956இல் செய்தித்தாள்களுக்கும் நீண்டது. பிரதி அனுப்ப வேண்டிய நூலகங்களில் சென்னை கன்னிமாராவும் ஒன்று. ஒழுங்காக அனுப்பிய ஆசிரியர்கள் இருந்தார்கள், கேட்டுப் பாருங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் புதுக்கோட்டையில் ஞானாலயாவும் பழைய இதழ்களுக்குப் பேர்போன இடங்கள். சுதந்திரத்துக்கு முந்தைய இதழானால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சுதேசப் பத்திரிகை அறிக்கைகளைப் பார்க்க வேண்டும். எந்த ஊர்ப் பத்திரிகை சர்க்காரைப் பற்றி என்ன எழுதுகிறது என்று மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தில் சுருக்கித் தந்த ரகசிய அறிக்கைகள் அவை. இதழே அழிந்துபோயிருந்தாலும், அது சொன்னதில் ஒரு துண்டு எதிராளியின் கோப்பில் பிழைத்திருக்கும்.

எங்களுக்கு 1960களில் இரண்டு ஆண்டு எங்கும் கிடைக்கவில்லை. அதில் பெரும்பகுதி கடைசியில் வந்தது பழைய வக்கீல் வீடுகளின் பரணிலிருந்து. நோட்டீஸ் வந்ததற்குச் சான்றாக முழு இதழையும் மடித்து வழக்குக் கட்டில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சிவப்பு நாடாவை அவிழ்த்தால் வாதி, பிரதிவாதி, வக்காலத்து, நடுவில் நம் இதழ், வெயில் படாததால் வெளுப்பு மாறாமல். வக்கீல் காலமான வீடுகளில் கட்டுகளை எடைக்குப் போடுவது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் போய்க் கேளுங்கள். கட்டை முழுதாகக் கேட்டால் தர மாட்டார்கள், வழக்கு விவரம் என்று தயங்குவார்கள். நான்காம் பக்கம் வெளியே தெரியும்படி மடித்திருக்கும் பேப்பரை மட்டும் பார்த்துவிட்டு அங்கேயே படமெடுத்துக்கொள்கிறேன் என்றால் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள்.